உங்காத்துல எந்த சிஸ்டம்?

(எங்கள் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி எனக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்து, டிபன் தயாராவதற்குள் உள்ள இடைவெளி இது. ஆகையால் சாம்பார் வாசனை வந்ததும் ஓரிருவர் எழுந்து போனால் நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். தலைப்பை அறிவித்தவுடனேயே முன்வரிசையிலிருந்து, "கம்ப்யூட்டர் கிளாஸா? நமக்கு எதுக்கு ஓய்!" என்று ஒரு குரல் கேட்டது. கிளாஸ் எடுக்க வரவில்லை. நாம் நாலு பேர் கூடினால் எதைப் பேசுகிறோம், எதைப் பேசாமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் விஷயம்.

பேசுவதற்கு நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? மாதுங்கா ஆகட்டும், கரோல்பாக் ஆகட்டும், கல்கத்தா லேக் மார்க்கெட் ஆகட்டும், நம்மவர்கள் இருவர் சந்தித்தால் ஐந்து நிமிஷத்தில் காப்பிப்பொடியில் வந்து நிற்போம். பீபரி எத்தனை பங்கு, பிளான்டேஷன் எத்தனை பங்கு, சிக்கரி சேர்க்கலாமா, சேர்த்தால் மகா பாபமா. முன்பின் தெரியாதவரிடம்கூடக் கேட்போம். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கொண்ட ஒருவர் விசேஷத்துக்கு வந்துவிட்டால் போதும், அவரைச் சுற்றி ஒரு சின்ன சபை கூடிவிடும். எந்த டாக்டர், ஒரு காலா இரண்டு காலா, மாடிப்படி ஏற எத்தனை நாளாச்சு, இன்ஷூரன்ஸில் எவ்வளவு வந்தது என்று விசாரிப்பார்கள். அப்படி விசாரித்தவர்களில் இரண்டு பேருக்காவது அது பிற்பாடு உபயோகப்படும். நம் வைத்திய ஞானத்தில் பாதி இப்படிப் பந்தியில் கிடைத்ததுதான்.

காலையில் எழுந்ததும் மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் நாம் தேடுகிற வஸ்து செல்போன். பென்ஷன் வந்ததா என்று பார்ப்பது அதில். கரண்ட் பில் கட்டுவது அதில். பேத்தியின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். ஆனால் அதற்குள் ஓடுகிற சிஸ்டம் எது, எந்த வருஷத்தது, கம்பெனிக்காரர்கள் அதற்கு இன்னும் ரிப்பேர் அனுப்புகிறார்களா என்று நாம் யாரையும் கேட்பதில்லை. நம்மையும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "அதெல்லாம் பையன் பார்த்துப்பான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். பையன் ஸியாட்டிலில் இருக்கிறான்.

சிஸ்டம் என்று நான் சொல்வது ஆபரேட்டிங் சிஸ்டத்தை. தமிழில் இயங்குதளம் என்று எழுதுகிறார்கள். கல்யாணத்தில் சமையல் கான்ட்ராக்டர் இருக்கிறாரே, அவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பும் அண்டாவும் சத்திரத்துடையது. பாயசம் செய்கிறவர் ஒருவர், வடை தட்டுகிறவர் ஒருவர், பரிமாறுகிறவர்கள் பத்து பேர். எந்த அடுப்பு யாருக்கு, யார் முதலில், ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் என்று தீர்மானிப்பவர் கான்ட்ராக்டர். வாட்ஸப், பேங்க் ஆப், காலண்டர் எல்லாம் சமையல் ஆட்கள். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோனில் உள்ள ஐஓஎஸ், லினக்ஸ் இவையெல்லாம் கான்ட்ராக்டர்கள். வெளியாள் ஒருவன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தால், "யாரப்பா நீ?" என்று கேட்க வேண்டியவர் அந்தக் கான்ட்ராக்டர்தான். அவருக்கு வயதாகிக் கண் மங்கிவிட்டால் கேட்கமாட்டார்.

இதைப் பேசும் வழக்கம் நமக்கு ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. நான் ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன். நாக்பூர், கல்கத்தா, புனே என்று சுற்றியாகிவிட்டது. 1984இல் ரங்கராஜன் கமிட்டி வங்கிகளில் இயந்திரமயமாக்கலுக்கு வழி சொன்னபின், கிளைகளுக்குள் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வர ஆரம்பித்தன. யூனியன் எதிர்ப்பு ஒரு பக்கம், ஏர்கண்டிஷன் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவைக்கும் பக்தி ஒரு பக்கம். அந்த நாளில் மத்தியான்னம் தயிர்சாத டப்பாவைத் திறந்தால் பேச்சே அதுதான். "உங்க பிராஞ்ச்ல டாஸா, யூனிக்ஸா?" "எங்களுக்கு யூனிக்ஸ். நேத்து டே எண்ட் முடியலை, ராத்திரி பத்தரை மணி." ஹெட் கிளார்க்கும் பேசுவார், கேஷியரும் பேசுவார். தெரியாது என்று சொல்ல யாருக்கும் கூச்சம் கிடையாது. யாருக்குமே தெரியாதபோது கூச்சம் எங்கிருந்து வரும்?

பிறகு தொண்ணூறுகளில் அது கல்யாணச் சந்தைக்கும் வந்தது. "பையன் என்ன பண்றான்?" என்றால், "மெயின்பிரேம்ல இருக்கான்", "யூனிக்ஸ்ல இருக்கான்" என்று பதில் வரும். எங்கள் உறவில் ஒரு அத்தைப்பாட்டி, "யூனிக்ஸா? அது கலிபோர்னியாவுக்குப் பக்கமா தள்ளியா?" என்று கேட்டுவிட்டாள். சிரித்தோம். ஆனால் கேட்டாள் பாருங்கள், அதைச் சொல்லவேண்டும். 1999இல் ஒய்2கே என்ற சொல் நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அந்த வேலையைச் சாக்கிட்டு விமானம் ஏறிய பிள்ளைகள் எத்தனை பேர்!

அதற்குப் பின் என்ன ஆயிற்று? பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை வீட்டில் இருந்தால், மற்ற தலைமுறை கேட்பதை நிறுத்திவிடும். "இதுகூடத் தெரியாதாப்பா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டால், அந்த அப்பா அடுத்த பத்து வருஷத்துக்கு வாயைத் திறக்கமாட்டார். மாமிகள் விஷயம் இன்னும் வேடிக்கை. 2020 ஊரடங்கில் ஜூமில் பாட்டு கிளாஸ் எடுத்தவள், ஸ்லோகக் குழுவுக்கு பிடிஎஃப் அனுப்புகிறவள், நாற்பது பேர் குழுவை நிர்வாகம் பண்ணுகிறவள், அவளிடம் போய்க் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஏதோ அமுக்குவேன்" என்பாள். அவ்வளவு தெரிந்தவள் தெரியாது என்று சொல்லிக்கொள்வது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் சாமான்கள் எப்படிக் கைமாறும்? அண்ணாவின் சட்டை தம்பிக்கு, அக்காவின் பாவாடை தங்கைக்கு, பாட்டியின் வளையல் பேத்திக்கு. எல்லாம் மேலிருந்து கீழே. செல்போனும் லாப்டாப்பும் மட்டும் கீழிருந்து மேலே போகின்றன. பேரன் புதுசு வாங்குகிறான், அவனுடைய பழசு அப்பாவுக்கு, அப்பாவின் பழசு தாத்தாவுக்கு. "நன்னாத்தானே இருக்கு, தூக்கிப் போடுவானேன்?" என்ற நம் சிக்கன புத்தியும் சேர்ந்துகொள்ளும். விளைவைப் பாருங்கள். ஆயுள் முழுவதும் சேர்த்த பிக்சட் டெபாசிட், பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் யார் கணக்கில் இருக்கின்றன? தாத்தா கணக்கில். வீட்டிலேயே மிகப் பழைய, ரிப்பேர் வருவது நின்றுபோன சிஸ்டம் யார் கையில் இருக்கிறது? அதுவும் தாத்தா கையில். திருடனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இரண்டு பேர், இருவரும் எழுபது தாண்டியவர்கள், தினமும் காலை ஆறு மணிக்குச் சேர்ந்து நடப்பவர்கள். ஒரு தை மாதம், கல்யாண சீசன். முதலாமவருக்கு வாட்ஸப்பில் தெரிந்தவர் நம்பரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. தட்டிப் பார்க்கிறார், திறக்கவில்லை. அவர் கையில் இருப்பது ஐபோன், பெண் கொடுத்தது. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார். மறுநாள் நடக்கும்போது சர்க்கரை அளவு, மழை, மராட்டிய அரசியல் எல்லாம் பேசியிருக்கிறார்கள். பத்திரிகை திறக்காத கதையை அவர் சொல்லவில்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்வது, சொன்னால் போனைக்கூடப் பார்க்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று கொஞ்சம் தயக்கம்.

நாலு நாள் கழித்து அதே பத்திரிகை இரண்டாமவருக்கு வந்தது. அவருடையது ஆண்ட்ராய்டு, பேரன் வைத்திருந்து கொடுத்த பழைய போன். தட்டினார். இது தெரியாத இடத்திலிருந்து வருகிற ஆப், அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். கல்யாணத்துக்கு அனுமதி கேட்கிறதாக்கும் என்று அனுமதித்தார். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது. அதையும் கொடுத்தார். பத்திரிகை என்று வந்தது ஒரு ஏபிகே பைல், அதாவது ஆண்ட்ராய்டில் ஏறி உட்காரும் ஒரு புரோகிராம். அது ஐபோனில் ஓடாது. ஆகவே முதலாமவர் பிழைத்தார். ஆண்ட்ராய்டில் ஓடும். ஓடிற்று. வங்கி அனுப்பிய ஓடிபி எல்லாம் இவர் பார்ப்பதற்கு முன் எங்கோ ஒருவன் பார்த்தான். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.

பணம் போனது ஒரு பக்கம். அவர் அதை மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை; மாமியிடமும் சொல்லவில்லை. நடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றார். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போன இடத்தில் மாமி வாய்விட்டு அழுத பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. இரண்டு நண்பர்களுக்கும் ஒரே பத்திரிகை வந்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதலாமவர் என்னிடம் சொன்னார்: "நான் அன்னிக்கு ஒரு வார்த்தை, 'ஓய், ஒரு பத்திரிகை வந்தது, திறக்கலை, உமக்கும் வந்துதா?'ன்னு கேட்டிருந்தா போதும்."

இந்த மாதிரி நடந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் பண்ணவேண்டும். இந்தியா முழுவதற்கும் அதே எண்தான். மணிக்கணக்கில் யோசிக்கக்கூடாது, சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறிப் போவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மூன்று மாதம் ஒளித்தால் நிறுத்த ஒன்றும் இருக்காது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் புன்னகைக்க வேண்டாம். உங்களுக்கு ஏபிகே வராது, வேறு வரும். பொய்யான லிங்க், பொய்யான போலீஸ்காரர் வீடியோ கால் எல்லாம் எந்த சிஸ்டத்துக்கும் பொது. பழைய ஐபோனுக்குப் பழைய தலைவலிகளும் உண்டு. 2025 மே மாதத்தில் ஐபோன் 5எஸ், 6, 6 ப்ளஸ் ஆகியவற்றில் வாட்ஸப் நின்றுபோனது. "போன் கெட்டுடுத்து" என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போன மாமா ஒருவரை எனக்குத் தெரியும். போன் நன்றாகத்தான் இருந்தது, சிஸ்டம் பழசாகிவிட்டது.

மேஜைக் கம்ப்யூட்டருக்கு வருவோம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் கம்பெனியின் ஆதரவு முடிந்தது. முடிந்தது என்றால் அன்றைக்கே மெஷின் நின்றுவிடாது. ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் ஆபத்து. திருடன் புகக்கூடிய ஓட்டை ஒன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் வரமாட்டான், அவ்வளவுதான். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்று ஒரு வைரஸ் உலகம் முழுவதும் பரவியது நினைவிருக்கலாம். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் திண்டாடின, ஆந்திரத்தில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் சில மாட்டிக்கொண்டன. அந்த ஓட்டைக்கு அடைப்பு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. அப்டேட் செய்தவர்கள் தப்பித்தார்கள். நாம் பணம் எடுக்கும் ஏடிஎம் மெஷினுக்குள்ளும் விண்டோஸ்தான் பல இடங்களில் இருந்தது. எக்ஸ்பி போன்ற ஆதரவு முடிந்த சிஸ்டங்களை 2019 ஜூனுக்குள் மாற்றிவிடவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் கெடு வைத்தது. வங்கி மெஷினுக்கே கெடு என்றால் நம் வீட்டு மெஷின் எம்மாத்திரம்?

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள். மெஷின் தாங்கினால் விண்டோஸ் 11. ஆனால் ஏறக்குறைய 2018க்கு முன் வாங்கியவை பெரும்பாலும் தாங்காது; டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட தலைமுறைக்கு மேற்பட்ட பிராசசரும் கேட்கும். இரண்டாவது, தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேர வழி வைத்தார்கள். அது வாய்தா வாங்குவது போலத்தான். மூன்றாவது வழி லினக்ஸ்.

லினக்ஸ் என்றதும் பின்வரிசையில் ஒரு இளைஞர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். அவரைப் போன்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வாய் திறக்காதவர்கள் ஒரு ஜாதி என்றால், திறந்த வாயை மூடாதவர்கள் இன்னொரு ஜாதி. சீமந்தத்தில் மோர்க்குழம்பு பரிமாறும்போது, "விண்டோஸ் ஒரு குப்பை, நீங்க இன்னுமா அதை வெச்சிண்டிருக்கேள்?" என்று ஆரம்பித்தால், கேட்கிறவர் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஆப்பிள்காரர் இன்னொரு விதம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். லாப்டாப்பின் பின்பக்கத்து ஆப்பிள் நமக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்காடிய கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். யானைக்கு வேண்டியது கரும்பு.

ஆனால் அந்த இளைஞர் சொல்வதில் சரக்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்த லினக்ஸ்தான் இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் இருக்கிறது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. கேரளத்து அரசுப் பள்ளிக் குழந்தைகள் லினக்ஸில் படித்து வளர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் 2011இலிருந்து இலவச லாப்டாப் கொடுத்தபோது, விண்டோஸுடன் பாஸ் என்ற நம் சீ-டாக் தயாரித்த லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் குடியிருப்பில் ரிடையர்டு ரயில்வே அதிகாரி ஒருவருடைய பத்து வருஷத்து லாப்டாப்பில் ஒரு பையன் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுத்தான். அதில் அவர் பார்ப்பது ஈமெயில், வங்கி வெப்சைட், யூடியூபில் கச்சேரி, தமிழில் கடிதம். நாலும் நடக்கிறது. காசு செலவில்லை. அதே சமயம், டாலியில் கணக்கு எழுதுகிறவர்களும், ஆடிட்டர் அனுப்பும் மேக்ரோ வைத்த எக்ஸெல் படிவங்களை நிரப்புகிறவர்களும் லினக்ஸுக்குப் போனால் திண்டாடுவார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த இளைஞர் பேச்சை நாலு பேர் நம்புவார்கள்.

தமிழ்க் கடிதம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இருபது இருபத்தைந்து வருஷம் முன்பு பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் வம்சாவளியும், அம்மாவின் ஊறுகாய்க் குறிப்பும் தட்டச்சு செய்து வைத்தவர்கள் நம்மில் நிறைய. புது மெஷினில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அந்தப் பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றிக்கொடுக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கம்ப்யூட்டரைத் தலை முழுகுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். நம் மலருக்கு வந்த இரண்டு குடும்ப வரலாறுகள் இப்படித்தான் மீண்டன.

சரி, எப்படிப் பேசுவது? காப்பிப்பொடி பேசுகிற மாதிரிதான். "உங்க போன் ஆண்ட்ராய்டா, ஐபோனா? எந்த வெர்ஷன்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் போய்க் கடைசியில் 'அபவுட் போன்' என்பதைத் தட்டினால் வெர்ஷன் தெரியும். செக்யூரிட்டி அப்டேட் தேதி அங்கேயோ, செட்டிங்ஸில் செக்யூரிட்டி என்ற தலைப்பிலோ இருக்கும். வெர்ஷன் நம்பரைவிட அந்தத் தேதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேதி இரண்டு வருஷம் பின்னால் இருந்தால், அந்தப் போனில் கச்சேரி கேளுங்கள், பஞ்சாங்கம் பாருங்கள். வங்கி வேலை வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில், ஜன்னல் படம் போட்ட சாவியையும் 'ஆர்' சாவியையும் சேர்த்து அமுக்கினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்று ஆறு எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் எந்த விண்டோஸ் என்று சொல்லிவிடும்.

புதுப் போன் வாங்கப் போகிறவரிடம் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று மட்டும் விசாரிக்காமல், "எத்தனை வருஷம் அப்டேட் தருவான்?" என்றும் விசாரியுங்கள். 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8க்கும், 2024இல் வந்த சாம்சங் எஸ்24க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தார்கள். விலை குறைந்த மாடல்களுக்கு அவ்வளவு கிடைக்காது. பிள்ளைகளுக்கும் ஒரு விண்ணப்பம்: உங்கள் பழைய போனைப் பெற்றோருக்குக் கொடுக்கும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். முடிந்தால் புதுசை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பழசை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை உங்களுக்கு அடைக்கத் தெரியும்.

தன் சிஸ்டத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்திருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. எங்கள் கிளையில் ஒரு மாமிக்குப் போன் வந்தது. "மேடம், உங்கள் விண்டோஸில் வைரஸ் இருக்கிறது, நாங்கள் சொல்கிறபடி ஒரு ஆப் போடுங்கள், இங்கிருந்தே சரிசெய்கிறோம்" என்றான், ஹிந்தியில். மாமிக்கு முந்தின வாரம்தான் பஜனை முடிந்து காப்பி குடிக்கும்போது, தன் வீட்டில் இருப்பது விண்டோஸ் இல்லை, மேக் என்று தெரிந்திருந்தது. "எங்காத்துல விண்டோஸே கிடையாதே" என்று தமிழிலேயே சொல்லி வைத்துவிட்டாள். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, மறுபடி போன் வரவில்லை.

காரியதரிசி கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு ஏற்பாட்டைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஹால் வாசலில் வலது பக்கம் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் நாலு பேர், இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள், மாலை ஏழு மணி வரை அங்கே இருப்பார்கள். போனைக் கொண்டுபோனால் சிஸ்டம், வெர்ஷன், அப்டேட் தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். "இதுகூடத் தெரியாதா?" என்ற வார்த்தையை அந்த மேஜையில் சொல்லக்கூடாது என்று நாலு பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பின் நம்பரையோ பாஸ்வேர்டையோ அவர்களிடமும் சொல்லாதீர்கள். பூட்டை நீங்களே திறந்து காட்டினால் போதும். மற்ற ஊர்க் கிளைகளில் இதே மாதிரி மேஜை போட விரும்புகிறவர்கள் எங்கள் காரியதரிசிக்கு எழுதினால், சீட்டின் மாதிரியை அனுப்பிவைப்போம்.

டிபன் தயார் என்கிறார்கள்.